ஹாம் எலும்பும் ஒரு பவுண்டு பீன்ஸும்: மூன்றேகால் மணி நேரம் ஆச்சு, இன்னும் வேகவில்லை

அரோராவாசி | சனி, மாலை 5.50

வணக்கம். இதை எழுதும்போது பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது. மதியம் இரண்டரைக்கு ஏற்றியது. இப்போதும் ஒரு பீன்ஸை எடுத்துக் கடித்தால் நறுக்கென்கிறது. மகள் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இது கோலிக்குண்டு" என்று துப்பிவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். டென்வரை ஒட்டி அரோராவில் இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்காரர் ஆபீசில் ஆளுக்கு ஒரு ஹாம் (உப்பிட்டுப் புகையிட்ட பன்றித்தொடை) கொடுத்தார்கள். ஒன்பது பவுண்டு, ஏற்கெனவே வெந்தது, எலும்பைச் சுற்றிச் சுருளாக வெட்டி, மேலே இனிப்புப் பூச்சு. எனக்கு விருதுநகர்ப் பக்கம். எங்கள் வீட்டில் பன்றிக்கறி வாசல்படி தாண்டியதே இல்லை. இருந்தாலும் கொடுத்ததை வீணடிக்க மனசு வரவில்லை. மூன்றே பேர், நான்கு நாள் சாண்ட்விச்சாகவும் ஃப்ரைட் ரைஸாகவும் தின்று தீர்த்தோம், மிச்சத்தைப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் போட்டோம். எலும்பைக் குப்பையில் போடப்போவதாக என்னோடு வேலை பார்க்கும் அம்மாவிடம் சொன்னேன். அவர் பதறிப்போய், "அந்த ஹாமில் உருப்படியான பாகமே அதுதான், பீன்ஸில் போடு" என்றார். அப்படித்தான் எலும்பும் ஃப்ரீசருக்குப் போனது.

இன்றைக்கு வெளியே நல்ல பனி. சரி, நாள் நன்றாக இருக்கிறதே என்று எடுத்தேன். அலமாரியின் அடியில் ஒரு பவுண்டு நேவி பீன்ஸ் (சின்ன வெள்ளைப் பயறு) பை கிடந்தது. (2020 மார்ச்சில் எல்லோரும் அள்ளியபோது நானும் அள்ளியது. சிரிக்காதீர்கள்.) ஊறவைக்கவில்லை, தேவையில்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எலும்பு, பீன்ஸ், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு, ஒரு கேன் தக்காளி, இரண்டு டீஸ்பூன் உப்பு, கை சும்மா இருக்காமல் கொஞ்சம் மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினேன். இரண்டு தடவை வெந்நீர் சேர்த்தாகிவிட்டது.

"குக்கர் எதுக்கு இருக்கு?" என்கிறார் வீட்டுக்காரர். என் மூன்று லிட்டர் குக்கரில் அந்த எலும்பு பாதிகூட நுழையாது.

இன்று ராத்திரிக்கு இதைக் காப்பாற்ற முடியுமா? தப்பு எங்கே நடந்தது? இன்னொன்று, அலமாரியில் பதினைந்து வகை கலந்த பீன்ஸ் பை ஒன்றும் இருக்கிறது. அடுத்த முறை அதை ஸ்லோ குக்கரில் (மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானை) போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாமா?

பசியோடிருப்பவன் | சனி, மாலை 5.58

பீட்சாவுக்குச் சொல்லிவிட்டு நிதானமாகப் பதிலைப் படியுங்கள்.

மலைக்காற்று | சனி, மாலை 6.15

நான் அல்புகர்க்கியில் இருக்கிறேன், உங்களைப் போலவே சுமார் 1,600 மீட்டர் உயரம். வந்த புதிதில் கொண்டைக்கடலையோடு இதே சண்டை போட்டவன்.

உங்கள் பானையில் குற்றவாளி ஒருவர் இல்லை, மூன்று பேர்.

முதல் ஆள் உயரம். டென்வரில் தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். ஐந்து டிகிரிதானே என்று தோன்றும். பயறுக்கு அது பெரிய வித்தியாசம். நம் ஊட்டி டென்வரைவிட உயரம், 2,240 மீட்டர். அங்கே யாராவது துவரம்பருப்பைத் திறந்த சட்டியில் வேகவைத்துக் குழம்பு வைக்கிறார்களா, கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பீன்ஸின் வயசு. காய்ந்த பயறு கெட்டுப்போகாது என்பது சரி, ஆனால் கிழடாகும். சூடான இடத்தில் வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளே இறுகிப்போய், அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் மசியாது. உங்கள் அலமாரி ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறதா?

மூன்றாவது தக்காளி. இது உங்களுக்கே தெரியும், பீன்ஸ் என்றதும் மறந்துவிட்டது, அவ்வளவுதான். சாம்பாரில் காய் வேகும் முன்னே புளியை விட்டால் என்ன ஆகும்? முருங்கைக்காய் விறகு மாதிரி நிற்கும். இங்கேயும் அதே கதை. செல்களை ஒட்டிவைத்திருக்கிற பெக்டின் என்ற பசை கரைந்தால்தான் பயறு குழையும், புளிப்பு இருந்தால் அது லேசில் கரையாது. சில ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதுவும் இதே வேலையைச் செய்யும். பாஸ்டன் பக்கம் வெல்லப்பாகு மாதிரியான மொலாஸஸ் ஊற்றி மணிக்கணக்கில் ஓவனில் வைக்கிற பீன்ஸ் உடையாமல் முழுசாக நிற்பதற்கும் இதுதான் காரணம். மொலாஸஸில் புளிப்பும் உண்டு, கால்சியமும் உண்டு. அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள், நீங்கள் தெரியாமல் செய்துவிட்டீர்கள்.

குக்கர் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் நான். விசில் போடும் நம் ஊர் குக்கரில் நம் உயரத்திலும் 118 டிகிரி வரை போகும். எலும்பு நுழையாவிட்டால் என்ன, பீன்ஸ் நுழையுமே.

லெக்ஸிங்டன் சித்தி | சனி, மாலை 6.40

அரோராம்மா, முதலில் இன்றைய ராத்திரி.

எலும்பை எடுத்துத் தட்டில் வை. பானையில் இருப்பதை வடிகட்டியில் கொட்டு, கீழே இன்னொரு பாத்திரம் பிடித்துக்கொள், அந்தச் சாற்றை விட்டுவிடாதே. பீன்ஸை வெந்நீரில் ஒரு அலசு அலசி, தக்காளியும் புளிப்பும் போகவிடு. மூன்று லிட்டர் குக்கர் என்கிறாய், அப்படியானால் இரண்டு தடவையாகப் போடு. பயறு நுரைத்துக்கொண்டு வந்து விசில் துவாரத்தை அடைக்கும், அதனால் குக்கரில் பாதிக்கு மேல் எதுவும் இருக்கக்கூடாது. பீன்ஸ் மூழ்கி ஒரு விரல் மேலே நிற்கிற அளவு புதுத் தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய், கால் டீஸ்பூனுக்கும் குறைவாக ஆப்ப சோடா. சோடா கூடினால் சோப்பு வாடை வரும், ஜாக்கிரதை. விசில் வந்ததும் சிம்மில் இருபது நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும், விசிலைத் தூக்கி விடாதே. வெந்த பிறகு பழைய சாற்றோடு சேர். உப்பைத் தொடாதே.

இனி அடுத்த முறைக்கு. உட்கார்ந்து படி, நான் கொஞ்சம் பேசுகிறவள்.

1994-ல் கென்டக்கிக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா, புருஷன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், கிழக்கே மலைப்பக்கத்து ஊர். வாரம் ஒரு நாள் அந்த வீட்டில் பீன்ஸ். அவர்கள் அதை "சூப் பீன்ஸ்" என்பார்கள். பெயர்தான் சூப், கரண்டியில் அள்ளினால் நம் கெட்டிக் கூட்டு மாதிரி வரும். மலைப்பக்கம் அதற்குப் பழுப்புப் புள்ளி போட்ட பின்ட்டோ பீன்ஸ்தான், உன்னுடைய வெள்ளை நேவியும் ஆகும். மேஜை மேல் பயறைப் பரப்பி ஒவ்வொன்றாகக் கல் பொறுக்குவார். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சுளகில் ஒரு தடவை புடைத்துக் காட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து தன் பீன்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிடுவார், "தட்டிக் கொடு" என்று. கல் வந்ததோ இல்லையோ, காபி குடித்துவிட்டுத்தான் போவார்.

அவர் சமைப்பதைப் பார்த்துத்தான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. நாம் ஹாமைக் கறி என்று நினைக்கிறோம். இந்தப் பானையில் அது கறி இல்லை, கருவாடு. மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறோமே, அதில் கருவாடு எவ்வளவு போடுகிறோம்? நாலு துண்டு. சட்டி நிறைய இருப்பது மொச்சைதான், மணமும் உப்பும் மட்டும் கருவாட்டிலிருந்து. கருவாட்டுக் குழம்பில் யாராவது முதலிலேயே உப்புப் போடுவார்களா? உப்பில் ஊறிப் புகையில் கிடந்த காலும் அதே ஜாதி. நீ அதற்கு ஆட்டுக்கறி மரியாதை கொடுத்து இரண்டு டீஸ்பூன் உப்பையும் மிளகாய்த்தூளையும் போட்டிருக்கிறாய். இன்றைக்குக் கரிக்கப்போகிறது, தயாராக இரு.

புது பீன்ஸ் வாங்கு. ஆள் நடமாட்டம் இருக்கிற கடையில், பை மேலே தேதி பார்த்து. ஒரு பவுண்டுக்கு நாலு லிட்டர் தண்ணீரில் மூன்று டேபிள்ஸ்பூன் உப்பைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போடு. "உப்புப் போட்டால் பயறு வேகாது என்று அம்மா சொல்லுமே" என்பாய். என் அம்மாவும்தான் சொல்வாள். ஊறுகிற தண்ணீரில் போட்டால் விஷயம் வேறு, தோல் மிருதுவாகிறது, வேகும்போது வெடிப்பதும் குறைகிறது. நான் இரண்டு கிண்ணத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஊறவைத்துப் பார்த்தபிறகுதான் நம்பினேன். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலசு.

எலும்பைத் தனியாகப் பெரிய பானையில் போடு. உன்னுடையது இனிப்புப் பூச்சு ஹாம், அந்தப் பூச்சை வெந்நீரில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பானை முழுக்கப் பாயசவாடை. இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒன்றரை மணி நேரம், உன் ஊரில் இரண்டு மணி நேரம், முணுமுணுவென்று கொதிக்கட்டும். ஆட்டுக்கால் சூப்புக்கு விடுகிற மாதிரிதான். மூட்டும் ஜவ்வும் கரைந்தால்தான் அந்தச் சாற்றுக்கு உடம்பு வரும். ஒட்டிக்கொண்டிருக்கிற கறியைப் பிய்த்துத் தனியே வை, கடைசியில் போட்டால் போதும். சாற்றை ஒரு வாய் ருசி பார். அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று நாக்கில் பதிய வைத்துக்கொள். மிகவும் கரித்தால் பாதியை எடுத்து ஃப்ரீஸ் பண்ணிவிட்டுப் பச்சைத் தண்ணீர் சேர். (கென்டக்கி, வர்ஜீனியா பக்கம் உப்பைப் பூசி மாதக்கணக்கில் தொங்கவிடும் "கன்ட்ரி ஹாம்" என்று ஒன்று உண்டு. அந்த எலும்பு கிடைத்தால் முதல் நாளே ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டாமல் பக்கத்தில் போகாதே.)

பீன்ஸ் குக்கரில் அந்தச் சாற்றோடு. ஊறிய புது பீன்ஸுக்கு எனக்கு இங்கே பத்து நிமிடம், உனக்கு மலைமேல் பதின்மூன்று, பதினான்கு. கூட முழு வெங்காயம் ஒன்று, பூண்டு நாலு பல், மிளகு, ஒரு பே இலை. இந்திய மளிகைக் கடையில் பிரிஞ்சி இலை என்று கொடுப்பார்களே, நடுவில் மூன்று நரம்பு ஓடும், அது வேண்டாம். அது பட்டை மரத்தின் உறவு, பிரியாணி வாடை வந்துவிடும். இந்த ஊர் பே இலை வேறு மரம்.

வெந்ததும் பெரிய பானைக்கு மாற்றி, ஒரு கரண்டி பீன்ஸைப் பானைச் சுவரில் வைத்து நசுக்கிவிடு, அதுவே குழம்பைக் கெட்டியாக்கும். கறியைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடு. அப்புறம்தான் உப்பு பார்ப்பது. தக்காளி போட்டே ஆக வேண்டும் என்றால் அதுவும் இப்போதுதான். பெரியம்மா தக்காளி போடமாட்டார்.

கூடவே இரும்புச் சட்டியில் சுட்ட சோளரொட்டி, பச்சை வெங்காயம் பொடியாக நறுக்கியது, முட்டைகோஸும் பச்சைத் தக்காளியும் வினிகரில் போட்ட "சௌ சௌ" என்கிற ஊறுகாய். நம் சௌசௌ காய் இல்லை, பெயர் மட்டும் ஒன்று. சோளரொட்டியில் பெரியம்மா சர்க்கரை போடவே மாட்டார், போட்டால் அது கேக் என்பார். வடக்கே போடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

சீரகம், கரம் மசாலா, தாளிப்பு என்று கை நீளும். ஒரே ஒரு முறை எதுவும் இல்லாமல் செய்து பார். அப்புறம் உன் இஷ்டம்.

அரோராவாசி | சனி, மாலை 6.52

சித்தி, படிக்கப் படிக்கவே வடிகட்டியை எடுத்துவிட்டேன். மலைக்காற்று சார், ஹீட்டர் அந்த அலமாரிக்கு நேர் பின்னால் இருக்கிறது. பீட்சாவும் சொல்லியாகிவிட்டது.

வெள்ளைத்தொப்பி | சனி, இரவு 8.30

யாரும் மூன்றாவது கேள்விக்கு வரவில்லை. நான் ஒரு மருத்துவமனைச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறேன், இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

கலவை பீன்ஸ் பையில் பெரும்பாலும் ராஜ்மா இருக்கும். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று உண்டு, சிவப்பு ராஜ்மாவில்தான் அதிகம். நாலைந்து வேகாத ராஜ்மாவே ஒருவரைப் படுக்கவைக்கும், சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வாந்தி தொடங்கிவிடும். நன்றாகக் கொதித்தால் அந்த நச்சு அழிந்துவிடும். ஸ்லோ குக்கரில் பிரச்சினை என்னவென்றால், 'லோ'வில் வைத்தால் உள்ளே 75, 80 டிகிரியோடு நின்றுவிடலாம். பீன்ஸ் மெத்தென்று ஆனாலும் ஆகும், நச்சு போயிருக்காது. அரைவேக்காட்டில் அது கூடவும் செய்யும். பார்க்க வெந்தது போலவே இருப்பதுதான் ஆபத்து.

செய்ய வேண்டியது: குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று முப்பது நிமிடம் அடுப்பில் கொதிக்கவைத்து, அதற்கு அப்புறம்தான் ஸ்லோ குக்கர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு இதுதான். உங்கள் ஊரில் கொதிநிலையே குறைவு என்பதால் அந்த முப்பது நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள். பிரஷர் குக்கர் என்றால் எனக்குக் கவலையே இல்லை.

இன்றைய பானையில் இருப்பது நேவி, அதுவும் மூன்று மணி நேரமாகக் கொதிக்கிறது, பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. மீந்ததைப் பானையோடு மூடி அடுப்பு மேலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நம் வீடுகளில் குழம்பை அப்படித்தான் வைப்போம். கெட்டியான பீன்ஸ் நடுவில் சூடு விடியும்வரை நிற்கும், கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். தட்டையான டப்பாக்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில்.

பொட்டாமக் கரை | ஞாயிறு, காலை 9.10

நேவி பீன்ஸும் ஹாமும் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாஷிங்டனில் செனட் உணவகத்தில் இதே சூப் தினமும் உண்டு, நூறு வருஷத்துக்கு மேலாக. யார் தொடங்கியது என்பதில் இரண்டு கதை. ஐடஹோவின் ஃபிரெட் டுபாய்ஸ் என்ற செனட்டர் என்று ஒன்று, 1903-ல் மினசோட்டாவின் நூட் நெல்சன் என்று இன்னொன்று. 1943 செப்டம்பர் 14 அன்று மட்டும், போர்க்கால ரேஷனில் பீன்ஸ் போதாமல் சூப் இல்லை. மறுநாளே எங்கிருந்தோ பீன்ஸ் வந்துவிட்டதாம். அதிகாரம் என்றால் அதுதான்.

செய்முறை சின்னது: இரண்டு பவுண்டு நேவி பீன்ஸ், நாலு குவார்ட் (நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) வெந்நீர், ஒன்றரை பவுண்டு புகையிட்ட பன்றிக்கால் மூட்டு, வெண்ணெயில் வதக்கிய ஒரு வெங்காயம், உப்பு, மிளகு. மூன்று மணி நேரம். உருளைக்கிழங்கு மசித்துப் போடுகிற ஒரு வடிவமும் உண்டு.

வேலையாக அந்தக் கட்டடத்துக்குப் போனபோது ஒரு கோப்பை சாப்பிட்டேன். தாளிக்க மறந்த பருப்பு மாதிரி இருந்தது. மிளகைத் தட்டித் தட்டிக் குடித்து முடித்தேன். சித்தி மன்னிக்க வேண்டும்.

லெக்ஸிங்டன் சித்தி | ஞாயிறு, காலை 10.05

மன்னிக்க ஒன்றுமில்லை. செனட்டில் சோளரொட்டியும் பச்சை வெங்காயமும் கொடுத்தார்களா? இல்லையல்லவா. ரசத்தை அப்பளம் இல்லாமல் குடித்துவிட்டுக் குறை சொல்கிறீர்கள்.

கத்தரிப்பூ | ஞாயிறு, பகல் 12.20

எங்கள் வீட்டில் பன்றி ஆகாது. எலும்புக்குப் பதில் வேறு ஏதாவது போட்டு அந்தப் புகைவாடையைக் கொண்டுவர முடியுமா?

லெக்ஸிங்டன் சித்தி | ஞாயிறு, பகல் 1.15

முடியும். புகையிட்ட வான்கோழிக் கால், இறக்கை, கழுத்து எல்லாம் கடையில் கிடைக்கும். இங்கே கறுப்பின மக்களின் வீடுகளில், பன்றியை விட்டவர்கள் கீரையிலும் பீன்ஸிலும் அதைத்தான் போடுகிறார்கள், நன்றாகவே இருக்கும். எலும்பில் ஜவ்வு குறைவு, சாறு அவ்வளவு கெட்டியாகாது, அதனால் பீன்ஸைக் கொஞ்சம் கூடுதலாக நசுக்கு. காராமணியில் போட்டுப் பார், தட்டைப்பயறு என்பாயோ என்னவோ. தெற்கே புத்தாண்டு அன்று அதைத்தான் சோற்றோடு சாப்பிடுவார்கள். அதற்கு ஊறவைக்கிற வேலையும் பெரிதாக இல்லை.

சைவமென்றால் புகைமிளகாய்த்தூள் என்று சிலர் சொல்வார்கள். நான் போட்டதில்லை.

அரோராவாசி | அடுத்த ஞாயிறு, இரவு 7.30

இரண்டு செய்தி, முதலில் கெட்டது.

போன சனிக்கிழமை பானை: சித்தி சொன்னபடி அலசி, இரண்டு தடவையாகக் குக்கரில் போட்டு, சோடா சேர்த்து இருபது நிமிடம், அப்புறம் மனசு கேட்காமல் இன்னொரு பத்து. முக்கால்வாசி வெந்தது. கால்வாசி கடைசிவரை அசையவில்லை, தோல் மட்டும் கழன்று மிதந்தது, உள்ளே அதே கோலிக்குண்டு. உப்பு, சித்தி சாபம் பலித்தது. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுக்கும் என்று மாமியார் போனில் சொன்னார், இரண்டு போட்டேன். கிழங்கும் கரித்தது, பீன்ஸும் கரித்தது. கடைசியில் உப்பில்லாமல் சோறு வடித்து அதோடு பிசைந்து, ஒரு வழியாகச் சாப்பிட்டோம். மீந்ததைக் கொட்டிவிட்டேன். பதினைந்து வகைப் பையும் 2020 சரக்குதான், அதையும் சேர்த்துத்தான்.

இப்போது நல்லது. வெள்ளிக்கிழமை புதுப் பை பின்ட்டோ வாங்கினேன். இதே கொலராடோவில் டவ் க்ரீக் என்று ஒரு ஊர் தன்னை உலகத்தின் பின்ட்டோ தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறதாம், இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. எலும்புதான் போய்விட்டதே, அதனால் புகையிட்ட கால் மூட்டு இரண்டு வாங்கினேன். பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இல்லை, கருகின விறகுக்கட்டை மாதிரி இருந்தது. கல் பொறுக்கினேன், ஒரு கல்கூட வரவில்லை, ஒரு மண்கட்டி வந்தது. ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் அலசினேன். மூட்டைத் தனிப் பானையில் இரண்டு மணி நேரம் வைத்தேன். வீடு முழுக்கப் புகைவாடை, மகள் ஜாக்கெட்டில்கூட. குக்கரில் பதினான்கு நிமிடம்.

மூடியைத் திறந்தபோது ஒன்றை எடுத்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன், மாவாகக் கரைந்தது. அப்படியே நின்றபடி நாலு கரண்டி தின்றுவிட்டேன்.

மிளகாய்த்தூள் போடவில்லை சித்தி. சத்தியமாக. உப்பு கால் டீஸ்பூன்கூடத் தேவைப்படவில்லை. சோளரொட்டி பாக்கெட் மாவில் செய்தது, அதில் சர்க்கரை இருந்தது, உங்கள் பெரியம்மாவுக்குக் கேக்தான். வெங்காயம் நறுக்கி வைத்தேன். சௌ சௌ ஊறுகாய் கிடைக்கவில்லை. இவர் ஃப்ரிட்ஜிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டார். முதலில் முறைத்தேன், அப்புறம் நானும் தொட்டுப் பார்த்தேன். அந்தப் புகைக்கும் மாவுக்கும் நடுவில் சுளீரென்று ஒரு புளிப்பு தேவைப்படுகிறது. மகள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "இது அந்த பீன்ஸ் இல்லையே?" என்று மட்டும் ஒரு தடவை உறுதி செய்துகொண்டாள்.

ஒரு சின்னச் சந்தேகம். வெள்ளைத்தொப்பி சொன்னபடி நேற்று ராத்திரியே தட்டை டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். இன்று மதியம் திறந்தால் மொத்தமும் இறுகி, டப்பாவைக் கவிழ்த்தாலும் விழாமல் ஆடுகிறது. ஜெல்லி மாதிரி. கெட்டுவிட்டதா?

வெள்ளைத்தொப்பி | அடுத்த ஞாயிறு, இரவு 7.45

ஒரே ராத்திரிதானே, கெடாது. மூன்று, நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள், மிச்சத்தை ஃப்ரீஸ் செய்யலாம்.

லெக்ஸிங்டன் சித்தி | அடுத்த ஞாயிறு, இரவு 8.20

அது கெட்டது இல்லை பெண்ணே, அதுதான் கால். நம் வீட்டு ஆட்டுக்கால் சூப்பும் மறுநாள் அப்படித்தான் நிற்கும். இன்றைக்கு ஆடுகிறது என்றால் நேற்று சரியாகச் செய்திருக்கிறாய். அரை டம்ளர் தண்ணீர் விட்டுச் சின்னத் தீயில் வை, இளகிவிடும். நேற்றைவிட ருசியாக இருக்கும்.

அந்த எலுமிச்சை ஊறுகாய் யார் போட்டது, நீயா மாமியாரா? அளவு சொல்லு.